கேரக்டர் பில்ட்: பாயின்ட் எங்கே வீணாகுது? ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி. கேம்களின் ஸ்டாட் கணக்கு - எளிய விளக்கம்

60 மணி நேரம் ஆடியாச்சு. லெவல் 100ஐயும் தாண்டியாச்சு. ஆனாலும் பாஸ் வந்து ஒரு தட்டு தட்டினால் கேரக்டர் காலி. நாம் பத்து அடி அடித்தாலும் பாஸின் ஹெல்த் பார் அசையவே மாட்டேங்குது.

இந்த இடத்தில் பலரும் "நமக்கு கேம் வரல" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சிலர் கேமையே அழித்துவிடுகிறார்கள். சிலர் பணம் கட்டிப் புது கேரக்டர், புது ஆயுதம் வாங்கப் போகிறார்கள். ஆனால் பல நேரங்களில் பிரச்னை கையில் இல்லை. லெவல் ஏறும்போது கிடைத்த பாயின்ட்டை எங்கே போட்டோம் என்ற கணக்கில்தான் இருக்கிறது.

பில்ட் என்றால் என்ன? ஸ்டாட் பாயின்ட்டை எப்படிப் பிரித்துப் போட வேண்டும்? எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

பில்ட் என்றால் என்ன?

ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி. கேம்களில் உங்கள் கேரக்டருக்கு உயிர், பலம், வேகம், மந்திர சக்தி என்று பல அளவுகள் இருக்கும். இவைதான் ஸ்டாட். எதிரியை வீழ்த்தினால் அனுபவப் புள்ளியோ, கேமுக்குள் இருக்கும் நாணயமோ கிடைக்கும். அதை வைத்து லெவல் ஏற்றலாம். லெவல் ஏறும்போது ஏதாவது ஒரு ஸ்டாட்டைக் கூட்டிக்கொள்ளலாம்.

எந்த ஸ்டாட்டை எவ்வளவு கூட்டுவது, எந்த ஆயுதம், எந்தக் கவசம், எந்தத் திறன் என்று எல்லாம் சேர்ந்த மொத்தத் திட்டம்தான் பில்ட்.

உதாரணத்துக்கு எல்டன் ரிங். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய இந்த கேம் 2022 பிப்ரவரி 25ஆம் தேதி வெளியானது. இதில் மொத்தம் 8 ஸ்டாட்:

- விகர்: உயிர், அதாவது ஹெச்.பி.
- மைண்ட்: மந்திரத்துக்கும் சிறப்புத் திறன்களுக்கும் செலவாகும் எஃப்.பி.
- என்ட்யூரன்ஸ்: ஸ்டாமினா, எவ்வளவு எடை சுமக்கலாம் என்பது
- ஸ்ட்ரெங்த்: கனமான ஆயுதங்கள்
- டெக்ஸ்டெரிட்டி: லாவகமான ஆயுதங்கள்
- இன்டலிஜென்ஸ்: சூனிய மந்திரங்கள்
- ஃபெயித்: பக்தி சார்ந்த மந்திரங்கள்
- ஆர்கேன்: ரத்தப்போக்கு, விஷம் போன்ற பாதிப்புகள், பொருள் கிடைக்கும் வாய்ப்பு

ஒவ்வொரு லெவலுக்கும் ஒரே ஒரு பாயின்ட். லெவல் ஏற ஏற அடுத்த லெவலுக்கான செலவும் ஏறிக்கொண்டே போகும். அதனால் ஒவ்வொரு பாயின்ட்டும் முக்கியம்.

விருத்தாசலம் பீங்கானுக்கும் கேமுக்கும் என்ன சம்பந்தம்?

கடலூர் மாவட்டம் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர் போன ஊர். பக்கத்தில் நெய்வேலி சுரங்கப் பகுதியில் வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. மீட்டர் போர்டில் மாட்டும் வெள்ளை ஃப்யூஸ் கேரியரும் இங்கே தயாராகிறது, அலமாரியில் வைக்கும் பொம்மையும் தயாராகிறது.

பீங்கான் கலவையில் அடிப்படையாக மூன்று பொருள்கள். களிமண் உருவம் பிடிக்க உதவும். ஃபெல்ட்ஸ்பார் சூளைச் சூட்டில் உருகி மற்றதை ஒட்டவைக்கும். குவார்ட்ஸ் உள்ளே எலும்புக்கூடு மாதிரி நின்று உருவம் குலையாமல் தாங்கும். பாடப்புத்தகங்களில் சொல்லப்படும் வழக்கமான விகிதம் களிமண் 50, ஃபெல்ட்ஸ்பார் 25, குவார்ட்ஸ் 25.

மொத்தம் 100 தான். களிமண்ணை 60 ஆக்கினால் மற்ற இரண்டிலும் சேர்த்து 10 குறைந்தே ஆக வேண்டும். அதனால்தான் முதல் கேள்வியே "என்ன பொருள் செய்யப் போறோம்?" என்பது. மின்சாரத்தைத் தாங்க வேண்டிய பொருளின் தேவை வேறு, பார்வைக்கு வைக்கும் பொம்மையின் தேவை வேறு.

கேமில் ஸ்டாட் போடுவதும் இதே கணக்குதான். ஒரு இடத்தில் போட்ட பாயின்ட் இன்னொரு இடத்தில் போடாத பாயின்ட். "எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கட்டும்" என்று போட்டால் எதற்கும் உதவாத கலவைதான் வரும்.

எல்லாத்தையும் சமமா ஏற்றினால் என்ன ஆகும்?

எல்டன் ரிங்கில் ஒரு சின்ன சூத்திரம் இருக்கிறது. 8 ஸ்டாட்டையும் கூட்டி அதில் 79ஐக் கழித்தால் வருவதுதான் உங்கள் லெவல். ரெட்ச் என்ற வகுப்பில் எல்லா ஸ்டாட்டும் 10. கூட்டினால் 80. 79 போக, லெவல் 1. சரியாக வருகிறதா?

அப்போ லெவல் 125 என்றால் கையில் இருக்கும் மொத்தம் 204 பாயின்ட். இதை 8 ஸ்டாட்டுக்கும் சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு 25 தான் கிடைக்கும். விகர் 25 என்றால் ஹெச்.பி. 800. கடைசிக் கட்ட பாஸ்களிடம் இது தாங்காது. ஸ்ட்ரெங்த் 25ஐ வைத்துக்கொண்டு 31 கேட்கும் கிரேட்ஸ்வார்டை ஒரு கையில் சரியாகப் பிடிக்கவும் முடியாது. பெரிய மந்திரங்களுக்கும் இன்டலிஜென்ஸ் பற்றாது.

அதே 204 பாயின்ட்டை ஒரே நோக்கத்துக்காகப் போட்டால்? கனமான வாளை இரண்டு கையால் பிடித்து அடிக்கும் ஒரு பில்ட் இது:

- விகர் 60
- மைண்ட் 15
- என்ட்யூரன்ஸ் 30
- ஸ்ட்ரெங்த் 54
- டெக்ஸ்டெரிட்டி 12
- இன்டலிஜென்ஸ் 7, ஃபெயித் 8, ஆர்கேன் 11 (ஹீரோ வகுப்பில் ஆரம்பத்திலேயே இருப்பது, தொடவே இல்லை)

கூட்டினால் 197. 79 போக லெவல் 118. லெவல் 125க்கு இன்னும் 7 பாயின்ட் மிச்சம். ஹெச்.பி. 800லிருந்து 1,900 ஆகிவிட்டது. லெவல் ஒன்றுதான், கேரக்டர் வேறு.

ஏன் ஸ்ட்ரெங்த் 54? முழுசா 99 போட்டால் என்ன?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெரும்பாலான ஆர்.பி.ஜி. கேம்களில் ஒரு ஸ்டாட் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பிறகு, அடுத்தடுத்த பாயின்ட் தரும் பலன் சட்டென்று குறையும். கேம் ஆடுபவர்கள் இதை 'சாஃப்ட் கேப்' என்பார்கள். அதற்கு மேல் ஏற்ற முடியும், ஆனால் ஏற்றுவதில் லாபம் குறைவு.

எல்டன் ரிங்கின் விகர் இதற்கு நல்ல உதாரணம்:

- 25லிருந்து 40 வரை: ஹெச்.பி. 800லிருந்து 1,450. ஒரு பாயின்ட்டுக்கு சுமார் 43.
- 40லிருந்து 60 வரை: 1,450லிருந்து 1,900. ஒரு பாயின்ட்டுக்கு 22.5.
- 60லிருந்து 99 வரை: 1,900லிருந்து 2,100. ஒரு பாயின்ட்டுக்கு சுமார் 5.

அதாவது கடைசி 39 பாயின்ட்டும் சேர்ந்து தருவது வெறும் 200 ஹெச்.பி. ஆரம்பத்தில் அதே 200ஐ 5 பாயின்ட்டில் வாங்கிவிடலாம். விகரை 40 வரை யோசிக்காமல் ஏற்றலாம், 60 வரை யோசித்து ஏற்றலாம், அதற்கு மேல் போடுவது பெரும்பாலும் வேஸ்ட் என்று சொல்வது இதனால்தான்.

சரி, 54க்கு வருவோம். எல்டன் ரிங்கில் ஆயுதத்தை இரண்டு கையால் பிடித்தால் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்கில் எடுக்கப்படும். 54இன் ஒன்றரை மடங்கு 81. ஸ்ட்ரெங்த்தின் சாஃப்ட் கேப் 80. இரண்டு கையால் மட்டுமே அடிக்கப் போகிறவருக்கு 54லேயே அந்த எல்லை வந்துவிடுகிறது. 80 வரை நிஜமாக ஏற்றுபவர் 26 லெவலைக் கூடுதலாகச் செலவழிக்கிறார்.

பில்ட் போடுவதில் நினைவில் வைக்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான்: அடுத்த ஒரு பாயின்ட் எங்கே போட்டால் அதிகம் கிடைக்கும்? அந்த இடம் லெவலுக்கு லெவல் மாறும்.

ஆரம்ப வகுப்பு அவ்வளவு முக்கியமா?

முக்கியம்தான், ஆனால் தலை போகிற விஷயம் இல்லை. ஆரம்பத்தில் கொடுத்த ஸ்டாட்டைக் குறைக்க முடியாது. அதனால் உங்களுக்குத் தேவையில்லாத ஸ்டாட் அதிகமாக இருக்கும் வகுப்பை எடுத்தால் அந்த பாயின்ட் கடைசி வரை சும்மா கிடக்கும்.

மேலே சொன்ன கனமான வாள் பில்ட்டை ஹீரோ வகுப்பில் தொடங்கினால் லெவல் 118ல் முடிகிறது. வேகபாண்ட் வகுப்பில் தொடங்கினாலும் 118 தான். மந்திரவாதியான ஆஸ்ட்ராலஜர் வகுப்பில் தொடங்கினால் 124. காரணம், அந்த வகுப்புக்கு இன்டலிஜென்ஸ் 16 ஆரம்பத்திலேயே வந்துவிடும். வாள் வீசுபவருக்கு அது எதற்கு? வித்தியாசம் 6 லெவல்.

டேமேஜ் கணக்கில் கூட்டலா, பெருக்கலா?

ஒரு மோதிரம் "டேமேஜ் 50 சதவீதம் கூடும்" என்கிறது. இன்னொன்று "30 சதவீதம்" என்கிறது. எதை எடுப்பது? 50 தானே பெரிசு என்று தோன்றும். எப்போதும் அப்படி இல்லை.

நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2013ல் வெளியிட்ட பாத் ஆஃப் எக்ஸைல் கேமில் 'இன்க்ரீஸ்டு', 'மோர்' என்று இரண்டு சொற்கள் வரும். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கேமில் வேறு வேறு. 'இன்க்ரீஸ்டு' எல்லாம் முதலில் ஒன்றாகக் கூட்டப்படும். 'மோர்' ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பெருக்கப்படும்.

உங்கள் அடிப்படை டேமேஜ் 100 என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே 200 சதவீதம் 'இன்க்ரீஸ்டு' சேர்த்துவிட்டீர்கள். இப்போது டேமேஜ் 300.

- இன்னொரு 50 சதவீதம் 'இன்க்ரீஸ்டு' சேர்த்தால்: 350
- 30 சதவீதம் 'மோர்' சேர்த்தால்: 390

30 ஜெயித்துவிட்டது. ஒரே வகையில் நிறைய சேர்ந்த பிறகு, அதே வகையில் மேலும் சேர்ப்பதால் பலன் குறைவு. புது வகை எதுவோ அதைத் தேடுங்கள்.

கிரிட்டிகல் அடியிலும் இதே கதைதான். 2020ல் வந்த கென்ஷின் இம்பாக்ட் கேமில் கிரிட் ரேட் என்பது பலமான அடி விழும் வாய்ப்பு, கிரிட் டேமேஜ் என்பது அந்த அடியின் கூடுதல் பலம். பொருள்களில் கிடைக்கும் அளவைப் பார்த்தால் 1 சதவீத ரேட்டும் 2 சதவீத டேமேஜும் கிட்டத்தட்ட ஒரே விலை. ஒரே செலவில் மூன்று வழி பார்ப்போம்:

- ரேட் 25, டேமேஜ் 150: சராசரியாக 1.375 மடங்கு
- ரேட் 50, டேமேஜ் 100: சராசரியாக 1.5 மடங்கு
- ரேட் 70, டேமேஜ் 60: சராசரியாக 1.42 மடங்கு

நடுவில் இருப்பதுதான் அதிகம். "ரேட் ஒன்றுக்கு டேமேஜ் இரண்டு" என்று கேம் ஆடுபவர்கள் சொல்லும் விகிதம் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. வெறும் கிரிட் டேமேஜை ஏற்றிவிட்டு, திரையில் எப்போதாவது வரும் பெரிய எண்ணைப் பார்த்து சந்தோஷப்படுபவர், வராத அடிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உயிர் காப்பதிலும் இதே கணக்கா?

ஆமாம். ஆனால் இங்கே ஒரு ஆச்சரியம் இருக்கிறது. உங்களிடம் 1,000 ஹெச்.பி. இருக்கிறது. கவசம் 50 சதவீத அடியைத் தடுத்தால், எதிரி உங்களை வீழ்த்த 2,000 அளவுக்கு அடிக்க வேண்டும். 75 சதவீதம் தடுத்தால் 4,000.

70லிருந்து 75க்கு ஏற்றுவது வெறும் 5 சதவீதம் மாதிரி தெரியும். ஆனால் உங்கள் மேல் விழும் அடி 30லிருந்து 25 ஆகக் குறைகிறது. தாங்கும் சக்தி 3,333லிருந்து 4,000 ஆகிறது. அதாவது 20 சதவீத லாபம். பாத் ஆஃப் எக்ஸைல் ஆடுபவர்கள் நெருப்பு, குளிர், மின்னல் தடுப்பை வழக்கமான உச்சவரம்பான 75 சதவீதம் வரை கொண்டுபோன பிறகே மற்றதை யோசிப்பது இதனால்தான்.

எல்டன் ரிங்கில் இன்னொரு கண்ணுக்குத் தெரியாத எல்லை உண்டு. சுமக்கும் எடை 70 சதவீதத்துக்குள் இருந்தால் கேரக்டர் சாதாரணமாக உருண்டு தப்பிக்கும். அதைத் தாண்டினால் பொத்தென்று விழுந்து மெதுவாகத்தான் எழும். கனமான கவசம் போட்டு 71 சதவீதத்தில் நிற்பதைவிட, கையுறையைக் கழற்றி 69ல் நிற்பது நல்லது.

ஒரு தடவை தப்பாப் போட்டால் மாற்ற முடியாதா?

இது கேமுக்குக் கேம் மாறும். 2000ல் வெளியான டையப்லோ 2 கேமில் ஒவ்வொரு லெவலுக்கும் 5 ஸ்டாட் பாயின்ட், 1 திறன் பாயின்ட். போட்டால் போட்டதுதான். சூளையில் வெந்த பீங்கானைத் திரும்பக் களிமண் ஆக்க முடியாத மாதிரி. தப்பு நடந்தால் புதுக் கேரக்டரை முதலிலிருந்து வளர்க்க வேண்டும். 2010ல் வந்த 1.13 அப்டேட்டில்தான் பாயின்ட்டைத் திரும்ப எடுத்துப் போடும் வசதி வந்தது.

எல்டன் ரிங்கில் ரென்னலா என்ற பாஸை வென்ற பிறகு, 'லார்வல் டியர்' என்ற பொருளைக் கொடுத்து எல்லா ஸ்டாட்டையும் புதிதாகப் பிரித்துப் போடலாம். ஆனால் அந்தப் பொருள் எண்ணிக்கையில் குறைவு. எனவே நினைத்த நேரமெல்லாம் மாற்ற முடியாது.

புதுசாக ஆடுபவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஆரம்ப லெவல்களில் ஸ்டாட்டைவிட ஆயுதத்தை மேம்படுத்துவதே அதிக டேமேஜ் தரும். எனவே முதல் சில மணி நேரம் பாயின்ட்டை விகரில் போட்டுக்கொண்டே, கிடைக்கும் கற்களால் ஆயுதத்தை ஏற்றுங்கள். எந்த ஆயுதம் கைக்குப் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு மற்ற ஸ்டாட்டைத் தொடலாம். விகர் எந்த பில்ட்டுக்கும் வேண்டும் என்பதால் அது வீணாகாது.

மொபைல் கேமில் தப்பான பில்ட்டின் விலை என்ன?

மொபைலில் இலவசமாகக் கிடைக்கும் கேம்களில் பாயின்ட்டோடு சேர்த்து நேரமும் ரேஷன். கென்ஷினில் ரெசின் என்று ஒன்று இருக்கிறது. 8 நிமிடத்துக்கு 1 ஊறும். ஒரு நாளைக்கு 180. கேரக்டருக்கு மாட்டும் ஆர்டிஃபேக்ட் கிடைக்கும் களத்தில் ஒருமுறை பரிசு எடுக்க 20 ரெசின். ஆக, ஒரு நாளைக்கு 9 முறைதான்.

கிடைக்கும் ஆர்டிஃபேக்ட்டில் எந்த ஸ்டாட் இருக்கும் என்பது அதிர்ஷ்டம். நான்கு கேரக்டரை ஒரே நேரத்தில் வளர்க்க நினைத்தால் அந்த 9 முறையும் நான்காகச் சிதறிவிடும். மாதக்கணக்கில் ஆடியும் ஒருத்தரும் தேறாமல் போவது இதனால்தான். முதலில் ஒரே ஒரு டேமேஜ் கேரக்டர், பிறகு அவருக்கு உதவுபவர்கள் என்று வரிசையாக வளர்ப்பது நல்லது.

அடுத்தது பணம். கென்ஷினில் 5 ஸ்டார் கேரக்டர் விழும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். 90 முறைக்குள் ஒரு 5 ஸ்டார் உறுதி. ஆனால் அது நீங்கள் கேட்ட கேரக்டராகத்தான் இருக்கும் என்ற உறுதி முதல் தடவை இல்லை. மோசமான நிலையில் 180 முறை வரை போகலாம். ஒருமுறைக்கு 160 பிரைமோஜெம் என்றால் 28,800 பிரைமோஜெம். ஆடிச் சேர்க்கலாம், பணம் கொடுத்தும் வாங்கலாம்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களைக் குறிவைத்தது. கேமுக்குள் கேரக்டர் வாங்கும் செலவில் கையை இழுத்துப் பிடிக்க வேண்டியது ஆடுபவரும் வீட்டில் இருப்பவர்களும்தான். வீட்டில் பிள்ளைகள் ஆடினால், போனில் பணம் செலுத்த பாஸ்வேர்டு கேட்கும்படி செட்டிங்கை மாற்றி வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தப்பான பில்ட்டோடு வாங்கிய 5 ஸ்டார் கேரக்டரும் தப்பான பில்ட்தான். இருக்கும் கேரக்டரின் கிரிட் ரேட்டைச் சரிசெய்தாலே தீரும் பிரச்னைக்குப் பலர் பணம் கட்டுகிறார்கள்.

அப்போ எப்படித் திட்டமிடுவது? 6 படிகள்

1. எப்படி ஆடப் போறீங்க என்று முடிவு பண்ணுங்க. கிட்டப் போய் அடிப்பதா, தூரத்திலிருந்து மந்திரமா? இரண்டும் வேண்டும் என்றால் எது முதல், எது துணை?
2. ஆயுதத்தைத் தேர்ந்தெடுங்க. அது கேட்கும் குறைந்தபட்ச ஸ்டாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எந்த ஸ்டாட் ஏறினால் அந்த ஆயுதத்தின் பலம் கூடுகிறது என்றும் பாருங்கள்.
3. எந்த லெவலில் நிறுத்தப் போறீங்க என்று எழுதுங்க. லெவல் தெரிந்தால் மொத்த பாயின்ட் தெரியும்.
4. முதல் பங்கு உயிருக்கு. செத்த கேரக்டரின் டேமேஜ் பூஜ்யம்.
5. முக்கிய டேமேஜ் ஸ்டாட்டை சாஃப்ட் கேப் வரை. அங்கே வந்ததும் நிறுத்தி, அடுத்த பாயின்ட் எங்கே அதிகம் தரும் என்று பாருங்கள்.
6. மிச்சத்தை எடைக்கும் எஃப்.பி.க்கும். தேவைக்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.

இதற்கு ஒரு நோட்டுப் பக்கமும் பேனாவும் போதும். கேமைத் தொடங்கும் முன் பத்து நிமிடம் ஆகும்.

யூடியூபில் இருக்கும் பில்ட்டை அப்படியே காப்பி அடிக்கலாமா?

அடிக்கலாம். ஆனால் மூன்று விஷயம் பாருங்கள். அந்த வீடியோ எந்த அப்டேட்டுக்கு முன்னால் வந்தது? அப்டேட்டில் ஆயுதங்களின் பலம் கூடும், குறையும். அந்த பில்ட் எந்த லெவலுக்கானது? லெவல் 150க்கான பில்ட்டை லெவல் 40ல் பின்பற்றினால் பாதி வழியில் தடுமாற்றம்தான். அவர் வைத்திருக்கும் பொருள் உங்களிடம் இருக்கிறதா?

இன்னும் ஒன்று. கணக்குப்படி மிகச் சிறந்த பில்ட் உங்களுக்கு மிகச் சிறந்ததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 10 சதவீதம் டேமேஜ் குறைந்தாலும் பிடித்த ஆயுதத்தோடு ஆடுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்த 10 சதவீதத்தைத் தெரிந்து விட்டுக்கொடுங்கள். தெரியாமல் 50 சதவீதத்தை இழந்துவிட்டு, "நமக்கு கேம் வரல" என்று ஒதுங்கிவிடாதீர்கள்.